ஈரமரத்துக்கு வெண்கார நீர்: மலையக வீடுகளின் மரத்தைப் பாதுகாக்கும் முறை

மலையகத்தில் இன்று வீடு கட்ட முனையும் ஒருவருக்கு முதிரையும் பாலையும் எட்டாத விலையில் இருக்கின்றன. தேக்கும் பலாவும் கதவு நிலைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். கூரைக்கு ஏறும் கைமரமும் ரீப்பையும் பெரும்பாலும் நம் கண்முன் வளர்ந்த மரங்களிலிருந்தே வருகின்றன. டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ், தேயிலைக்கு நிழலாக நின்ற சவுக்கு (கரையோரத்துச் சவுக்கு அன்று, தோட்டங்களில் அப்பெயரால் வழங்கும் கிரவிலியா), அல்பீசியா, மொட்டைச் சரிவுகளில் நடப்பட்ட பைன் ஆகியவையே அவை. இம்மரங்களைத் தரமற்றவை என்று ஒதுக்குவது நியாயமன்று. அவை இளமையிலேயே வெட்டப்பட்டு, மரக்காலையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்து, ஒரே வாரத்தில் தகரத்தின் கீழ் ஏறிவிடுகின்றன என்பதுதான் சிக்கல்.

அந்த ஈரத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. வெண்காரம், அதாவது போராக்ஸ், போரிக் அமிலம் ஆகிய இரண்டையும் நீரில் கரைத்து, வெட்டிய ஈரம் மாறாத பலகையை அதில் ஊறவைத்தால், மருந்து மரத்தினுள் இருக்கும் நீரின் வழியே தானாகப் பரவி நடுப்பகுதி வரை சென்றுவிடும். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வீட்டு மரங்களுக்குக் கையாளப்பட்டுவரும் இம்முறைக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. தொட்டி, பொலித்தீன், பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம். கூரையின் கீழ், மழை படாத இடத்தில் நிற்கப்போகும் மரத்துக்கு மட்டுமே இது பொருந்தும். வெளியே நிற்கும் மரத்தைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

மரத்தைக் கெடுப்பது எது?

மருந்தைத் தேடுவதற்கு முன்னர் மரத்தை அழிப்பது எது என்று அறிந்துகொள்ள வேண்டும். கைமரத்தின் கீழே கோதுமை மாவைப் போன்ற நுண்ணிய தூள் கொட்டிக்கிடந்து, மரத்தில் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள வட்டத் துளைகள் தெரிந்தால், அது உளுவண்டின் வேலை. அதன் புழு மரத்தின் வெளிறிய வெளிப்பகுதியான மென்வைரத்திலுள்ள மாச்சத்தைத் தேடியே குடைகிறது. சவுக்கு, அல்பீசியா, இறப்பர் போன்ற அகன்ற இலை மரங்களையே அது தாக்கும், பைனை நாடாது. கொட்டுவது மாவாக இல்லாமல், விரலிடையில் உருட்டினால் மணல்போல நெருடும் ஆறுபட்டைச் சிறு மணிகளாக இருந்தால், மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கறையான் புகுந்திருக்கிறது. தேயிலைச் செடியின் உயிருள்ள தண்டைக் குடைந்து பாழாக்கும் மலைநாட்டுக் கறையானும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அறிந்திருப்பார்கள். சுவரில் மண்புற்றுக் குழாய் ஏறிவந்தால் அது நிலத்துக் கறையான். அதற்கு மரத்தில் மருந்திடுவதுடன் அத்திவாரத்தையும் கவனிக்க வேண்டும்.

நான்காவது எதிரியான பங்கசு ஓசையின்றி வேலை செய்கிறது. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பங்கசு மரத்தை உக்கச் செய்வதில்லை. தகரத்தின் ஆணித் துளையால் ஒழுகும் நீரும், சுவருக்குள் புதைந்த கைமர முனை உறிஞ்சும் ஈரமும்தான் அந்த எல்லையைத் தாண்டவைக்கின்றன. ஒழுகும் கூரையைத் திருத்தாமல் மரத்துக்கு மருந்திடுவது வீண்செலவு.

வைரமும் வெள்ளையும்

ஒரு மரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் கறுத்துத் தெரிவது வன்வைரம், அதைச் சுற்றி வெளிறித் தெரிவது மென்வைரம். தச்சர்கள் பின்னதை வெறுமனே 'வெள்ளை' என்பார்கள். எந்த மரமாயினும் வெள்ளை நெடுநாள் நிலைப்பதில்லை, முதிரையின் வெள்ளையும் உளுத்துப்போகும். ஆனால் மருந்தை எளிதாக ஏற்பதும் இந்த வெள்ளைதான். வன்வைரத்தின் நாளங்கள் அடைபட்டிருப்பதால் அழுத்தம் கொடுத்தாலும் அதனுள் மருந்து சரிவர இறங்காது. பலாவின் வைரப்பலகையை மருந்தில் ஊறவைக்கச் சொல்பவர் மருந்தை விற்பவராகத்தான் இருக்க வேண்டும். அங்கே வெள்ளையைச் செதுக்கி நீக்கினால் போதும். சவுக்கு, அல்பீசியா, பைன், இளம் டர்பன்டைன் ஆகியவற்றில் வெள்ளையை நீக்கினால் எஞ்சுவது சொற்பம் என்பதால், அவற்றுக்கு மருந்து கட்டாயம்.

பட்டையின் துண்டு ஒட்டியிருந்தால் முழுவதையும் உரித்துவிட வேண்டும், ஏனெனில் பட்டை வழியே மருந்து போகாது. வெட்டு, துளை, பொருத்து ஆகிய தச்சு வேலைகள் எல்லாவற்றையும் ஊறவைப்பதற்கு முன்னரே முடித்துவிடுவது நல்லது. மரம் அறுக்கப்பட்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் தொட்டிக்குள் போய்விட வேண்டும். பைனும் இறப்பரும் தாமதித்தால் நீலம் பாய்ந்துவிடும், மேற்பரப்பு காய்ந்துவிட்டால் மருந்து பரவும் பாதையும் அடைபட்டுவிடும்.

மரத்தில் போதிய ஈரம் உண்டா என்று ஐயமிருந்தால், பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டை அறுத்து நிறுத்து, பின்னர் அதனை அடுப்படிக் கணகணப்பிலோ பேக்கரிப் போறணையின் மிதமான சூட்டிலோ எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்கலாம். 300 கிராம் துண்டு 180 கிராமாகக் குறைந்தால், இழந்த 120 கிராமை 180ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, ஈரம் ஏறத்தாழ 67 வீதம் என்று கிடைக்கும். 50 வீதத்துக்கு மேலே இருந்தால் கவலையில்லை. 30 வீதத்துக்குக் கீழே போய்விட்ட மரத்தில் பரவல் ஏறக்குறைய நின்றுவிடுவதால், இம்முறை அதற்குப் பொருந்தாது.

கரைசலைத் தயாரித்தல்

20 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள 100 மில்லிலீற்றர் நீரில் வெண்காரம் ஏறத்தாழ 5 கிராம்தான் கரையும். போரிக் அமிலமும் அப்படித்தான். இரண்டையும் சேர்த்தால் தனித்தனியே கரைவதைவிட மிகக் கூடுதலாகக் கரைகின்றன, ஏனெனில் அவை நீரில் ஒன்றுசேர்ந்து வேறொரு போரேற்றாக, அதாவது போரன் சேர்ந்த வேறொரு உப்பாக, மாறிவிடுகின்றன. அதற்குரிய விகிதம் எடைப்படி ஆறு பங்கு வெண்காரம், நான்கு பங்கு போரிக் அமிலம். இந்தக் கலவையில் 10 கிலோவை 90 லீற்றர் நீரில் கரைத்தால் வீட்டு வேலைக்கு ஏற்ற கரைசல் கிடைக்கும். விவசாயத்துக்கு விற்கப்படும் தரமே போதுமானது. ஆனால் பையில் பத்து நீர் மூலக்கூறு கொண்ட வெண்காரமா, ஐந்து நீர் மூலக்கூறு கொண்டதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஐந்து என்றிருந்தால் 6 கிலோவுக்குப் பதிலாக 4.6 கிலோ போதும்.

எத்தனை லீற்றர் வேண்டும் என்பதைத் தொட்டியின் அளவே தீர்மானிக்கிறது. 12 அடிப் பலகைகளுக்கு 3.8 மீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலம், 30 சென்ரிமீற்றர் ஆழம் கொண்ட பெட்டியைப் பழைய பலகையால் அடித்து, உள்ளே தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்தால், அதன் கொள்ளளவு சுமார் 340 லீற்றர். இடையிடையே மெல்லிய குச்சிகள் வைத்து மரத்தை அடுக்கும்போது பாதியிடத்தை மரமே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 170 லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோ வெண்காரமும் 7 கிலோ போரிக் அமிலமும் தேவைப்படும்.

நீரை ஒரு தகரப் பீப்பாயில் 50 அல்லது 60 பாகை வரை சூடாக்கி, இரண்டு தூள்களையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தூவி, அடியில் எதுவும் தங்காமல் கிளறிக் கரைக்க வேண்டும். மலையகத்தில் இந்தச் சூட்டைத் தவிர்க்க முடியாது. ஹட்டன் பக்கத்தில் நான் முதன்முறை இவ்வேலையைச் செய்தபோது, மாலையில் கண்ணாடிபோல் தெளிந்திருந்த கரைசலை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். தொட்டியின் அடியிலும் பலகைகளின் மேலும் கற்கண்டைப் போலப் பளிங்குகள் உறைந்திருந்தன. இரவுக் குளிர் மருந்தின் கணிசமான பகுதியைக் கரைசலிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. மரங்கள் ஊறியதெல்லாம் வலுக்குறைந்த நீரில். அதன்பின் நான் தொட்டியைப் பழைய சாக்குகளாலும் பொலித்தீனாலும் போர்த்தியே வைக்கிறேன். பளிங்கு தெரிந்த காலைகளில் கரைசலின் ஒரு பகுதியை இறைத்துச் சூடாக்கித் திரும்ப ஊற்றுகிறேன். நுவரெலியாவைப் போல 1,800 மீற்றருக்கு மேலுள்ள இடங்களில் பனி இறங்கும் தை, மாசி மாதங்களில் இவ்வேலையைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

கரைசலுக்கு நிறம் கிடையாது. எந்தப் பலகை ஊறியது, எது ஊறவில்லை என்று பின்னர் தடுமாறாமலிருக்கத் துணிச்சாயத்தைச் சிறிதளவு கலந்துகொள்ளலாம்.

ஊறவைத்தலும் அடுக்கிவைத்தலும்

பலகைகள் மிதக்காதிருக்க அவற்றின் மேல் கற்களை ஏற்றி, முழுவதும் நீரில் மூழ்கியிருக்குமாறு பார்க்க வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு வாரமும், இரண்டு அங்குலக் கைமரத்துக்கு இரண்டு வாரமும் ஊறல் போதும். இந்த வேலையில் பலரும் தவறுவது இதன் பின்னர்தான். தொட்டியிலிருந்து எடுத்த மரத்தை உடனே வெயிலில் காயவைக்கக் கூடாது. மருந்து அப்போது மேற்புறத்தில் தடித்தும் உள்ளே மெலிந்தும் இருக்கும்; அது உள்ளே நடந்து செல்ல ஈரமும் காலமும் தேவை. மரங்களை இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கி, காற்றும் மழையும் புகாதவாறு பொலித்தீனால் சுற்றிக் கட்டி, கூரையின் கீழ் வைத்துவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம், இரண்டு அங்குலத்துக்கு இரண்டு மாதம் என்பது நடைமுறைக் கணக்கு. குளிர் கூடிய இடங்களில் பரவல் மந்தமாக நடப்பதால் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்வது நன்று.

எங்கள் ஊரில் ஒருவர் ஊறவைத்த மரத்தைச் சுற்றாமல், கூரையின் கீழும் வைக்காமல் முற்றத்தில் விட்டுவிட, மே மாத மழை மருந்தை வந்த வழியே கழுவிக்கொண்டு போனது. நீரால் உட்செல்லும் மருந்து நீரால் வெளியேயும் வந்துவிடும்.

மஞ்சளால் ஒரு சோதனை

மருந்து நடுவரை சென்றதா என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. மஞ்சள் தூளை மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டில் ஒரு நாள் ஊறவைத்து வடித்துக்கொள்ள வேண்டும். பலகையின் முனையிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளிக் குறுக்கே அறுத்து (முனையில் மருந்து எப்போதும் அதிகமாக ஏறியிருக்கும், அதனை நம்பக் கூடாது), வெட்டுமுகம் காய்ந்தபின் மஞ்சள் வடிநீரைப் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் நன்கு நீர்த்த ஐதரோக்குளோரிக் அமிலத்தை ஒரு குச்சிப் பஞ்சால் தடவினால், போரன் உள்ள இடம் சற்று நேரத்தில் சிவக்கும். இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், வெண்காரமும் ஒரு காரமே. எனவே அமிலம் தடவிய பின்னரும் நிலைத்து நிற்கும் சிவப்பையே கணக்கில் எடுக்க வேண்டும். நடுவில் மஞ்சள் தீவு ஒன்று தெரிந்தால் மர அடுக்கை மீண்டும் சுற்றி இன்னும் சில வாரங்கள் விட்டுவைக்கலாம்.

சோதனை தேறிய பின்னரே உலர்த்தல் தொடங்குகிறது. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, வரிசைகளுக்கிடையே ஒரே தடிப்புள்ள குச்சிகளை நேர்க்கோட்டில் வைத்து, கூரையின் நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா பக்கங்களில் தென்மேல் பருவமழை வைகாசியிலிருந்து புரட்டாதி வரை விடுவதில்லை என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் ஊறவைத்துச் சுற்றிக் கட்டிய மரத்தை ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் உலர்த்துவது பொருந்தும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தாருக்குக் காலம் நேர்மாறானது. யூனிலிருந்து ஓகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்று இரண்டு அங்குல மரத்தையும் நன்றாகக் காயவைத்துவிடும், ஆனால் அவ்வளவு வேகத்தில் டர்பன்டைன் வெடிக்கும். அங்கே பக்கங்களைச் சாக்கால் மறைத்து, முனைகளில் பழைய பெயின்டைத் தடவி உலர்தலை மந்தப்படுத்த வேண்டும். காய்ந்தபின் மேற்பரப்பில் வெண்பொடி படிந்திருந்தால் தூரிகையால் தட்டிவிட்டு வார்னிஷ் பூசலாம்.

ஏற்கெனவே கூரையில் இருக்கும் மரம்

காய்ந்த மரத்தில் அதே கரைசலைச் சூடாகத் தூரிகையால் சில நாள் இடைவெளியில் மூன்று முறை பூசினால், சில மில்லிமீற்றர் ஆழத்துக்கு மருந்து இறங்கும். வண்டு முட்டையிடுவதை அது பெருமளவு தடுக்கும். உள்ளே ஆழத்தில் இருக்கும் புழுவை எட்டாது. துளைகள் தெரியும் இடங்களில் ஊசி மூலம் செலுத்துவது பயன்தரும். வார்னிஷோ பெயின்டோ இருந்தால் முதலில் சுரண்டி நீக்க வேண்டும்.

கைமரம் சுவரில் அமரும் முனைகளுக்கு நான் விரும்பும் முறை வேறு. முனைக்கு அருகில், மேற்புறத்திலிருந்து சாய்வாக 10 மில்லிமீற்றர் துளைகளை மரத்தின் முக்கால் ஆழம் வரை இட்டு, போரிக் அமிலத்தைக் கெட்டியாகக் குழைத்து அடைத்து, மரமுளையால் மூடிவிடலாம். மரம் காய்ந்திருக்கும்வரை அம்மருந்து அங்கேயே உறங்கிக்கிடக்கும்; என்றேனும் ஒழுகல் ஏற்பட்டு முனை நனைந்தால், பங்கசை வரவழைக்கும் அதே நீர் மருந்தையும் கரைத்து அவ்விடத்துக்கு எடுத்துச் செல்லும். கடையில் தகரங்களில் வரும் எண்ணெய்க் கரைப்பான் மருந்துகள் காய்ந்த மரத்தில் இன்னும் ஆழமாக இறங்குகின்றன. ஆனால் அவற்றின் ஆவி தீப்பற்றக்கூடியது. அடுப்பெரியும் லயத்துக் காம்பராவில், பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரே கூரை என்ற நிலையில், அவற்றைப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழையில் நிற்கும் மரம்

வேலிக் கம்பம், படலைக் கால், மாட்டுத் தொழுவத்துத் தூண் ஆகியவை நிலத்தைத் தொடுவதால் வெண்காரம் அங்கே நிற்காது. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோட்டை அழுத்தத்தில் ஏற்றும் முறைக்கு ஜோன் பெத்தல் 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ரயில் சிலிப்பர் கட்டைகள் நெடுங்காலம் அம்மருந்தால் பாதுகாக்கப்பட்டன. செம்பு, குரோமியம், ஆசனிக் ஆகிய மூன்றும் கலந்து மரத்தில் நிலைத்து நிற்கும் மருந்தை 1933இல் கண்டறிந்தவர் இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன். இரண்டும் வல்லமையுள்ளவை, இரண்டும் நஞ்சு மிகுந்தவை. இவற்றை ஆலையில் அழுத்த உருளைக்குள் ஏற்றிய மரமாக வாங்கலாமே தவிர, வீட்டில் வாளியில் கரைக்கும் எண்ணமே வேண்டாம். முன்னாளில் மரத்துக்குப் பூசப்பட்ட பென்ட்டாக்குளோரோபீனோல் 2015இல், எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைத் தடுக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய களஞ்சிய அறையில் அதன் தகரம் கிடந்தால் திறக்காமல் ஒப்படைக்க வேண்டும்.

மயில்துத்தக் கரைசல் மலிவானது, பங்கசை அடக்கும்; ஆனால் தனியாகப் பூசினால் மழையில் கழுவுண்டு போவதுடன் ஆணியையும் இரும்புத் தொட்டியையும் அரித்துவிடும். கழிவு எஞ்சின் ஒயிலைப் பற்றியும் ஒரு சொல். பல தோட்டங்களில் கம்பத்தின் அடிக்கு இதைப் பூசும் வழக்கம் உண்டு. அது மேலே ஒரு படலமாகப் படிகிறதேயன்றி மருந்தாக உள்ளே செல்வதில்லை. முதல் மழையில் வழிந்து, கீழே இருப்பவரின் பீலித் தண்ணீரில் நிறம் காட்டும்.

எனது தெரிவு, மரத்தை மண்ணில் புதைக்காமலிருப்பதுதான். தரைக்கு மேல் ஓரடி உயர்ந்த கொங்கிரீட் கால் ஒன்றில் இரும்புப் பட்டையால் மரத்தைப் பிணைத்து, தலையில் தகரத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து, மூன்று பூச்சுப் பெயின்ட் அடித்தால், வெண்காரம் ஏறிய மரமும் வெளியே நிற்கும். பதுளைக்கு அருகே போகொடையில் ஓட்டுக் கூரை போர்த்திய மரப்பாலம் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. ஆற்றின் மேல் பாலம் கட்டியவர்கள் அதற்கொரு கூரையும் வேய்ந்த காரணத்தை அங்கே போய் நின்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கையாளும்போது

வெண்காரமும் போரிக் அமிலமும் தோலில் பட்டவுடன் சுட்டெரிக்கும் பொருட்கள் அல்ல. அதனாலேயே மக்கள் அவற்றை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். வாயினுள் சென்றால் அவை நஞ்சு. பார்வைக்குச் சீனியையும் உப்பையும் ஒத்திருப்பதால், சமையலறையிலோ சோடாப் போத்தலிலோ ஒருபோதும் வைக்கக் கூடாது. கருவுற்ற பெண்களைக் கரைக்கும் வேலையிலோ ஊறவைக்கும் வேலையிலோ ஈடுபடுத்தக் கூடாது. இறப்பர்க் கையுறையும், தூளைக் கொட்டும்போது மூக்கும் வாயும் மூடும் துணியும் அவசியம். பூச்சி மருந்து கலந்த ஆயத்த மருந்துகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதால், பதிவிலக்கமும் தமிழ் விளக்கமும் இல்லாத போத்தலை வாங்க வேண்டாம். மருந்தேறிய மரத்தால் காய்கறி வெட்டும் பலகையோ மாவுப் பெட்டியோ செய்யக் கூடாது.

தொட்டியை ஓடைக்கும் பீலிக்கும் மேலே உள்ள சரிவில் அமைக்கக் கூடாது; நம் முற்றத்து நீர் அடுத்த லயத்தின் குடிநீராகும் மலைச்சரிவில் நாம் வாழ்கிறோம். போரன் சிறிதளவில் பயிருக்கு ஊட்டம், மிகுந்தால் இலைநுனி கருகும்; மீந்த கரைசலை மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் கொட்டியவர் அந்தப் போகத்துப் போஞ்சியை மறந்துவிடலாம். மீந்ததை வடிகட்டி, மூடியுள்ள பரலில் பெயரெழுதிப் பூட்டிவைத்து அடுத்த தொகுதிக்குப் புதுக் கரைசலுடன் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது கூரையின் உட்புற மரங்களில் பூசித் தீர்க்கலாம்.

அறுத்த துண்டுகளை விறகாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இயல்பானது. வெண்காரம் ஏறிய துண்டு பச்சைச் சுவாலையுடன் எரியும். சமைக்கும் அடுப்பில் அதை வைக்க வேண்டாம். ஆலையில் செம்பும் ஆசனிக்கும் ஏற்றிய மரத்தின் துண்டையோ, அதன் சீவல்களையோ, பழுதாகிக் கழற்றிய கம்பத்தையோ எந்த நெருப்பிலும் இடக் கூடாது. ஆசனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் மறுநாள் பாத்திரம் துலக்கவும் மரக்கறிக்குத் தூவவும் எடுப்போம்.